கொக்குக்கு ஒரு பிழைப்பு, உள்ளானுக்கு ஒரு பிழைப்பு

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா மகளைத் தென் சென்னையில் இருக்கிற பள்ளிக்கரணைக்குக் கூட்டிப் போயிருந்தேன். சதுப்புநிலத்தின் ஓரமாக வனத்துறையின் பூங்கா ஒன்று இருக்கிறது, 2021ல் திறந்தது, நடப்பதற்குப் பாதை போட்டிருக்கிறார்கள், அதிலிருந்தே தண்ணீரைப் பார்க்கலாம். அவளுக்குப் பத்து வயசு. அரை மணி நேரமாக நான் கையை நீட்டி நீட்டிப் பெயர் சொல்லிக்கொண்டே வந்தேன், இது பவளக்கால் உள்ளான், அது சாம்பல் நாரை, அதோ கோரைக்குள் நீலமாகத் தெரிவது நீலத் தாழைக்கோழி என்று. அவளும் ஊம் கொட்டிக்கொண்டே வந்தாள். திடீரென்று நின்றுவிட்டு, "மாமா, பேரெல்லாம் இருக்கட்டும். இத்தனையும் ஒரே தண்ணியிலதான சாப்பிடுது, எப்படி எல்லாத்துக்கும் பத்துது?" என்றாள்.

பறவை பார்க்கத் தொடங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பெயரில் ஆரம்பித்துப் பெயரிலேயே நின்றுவிடுகிறோம். நானும் சில வருஷம் அப்படித்தான் இருந்தேன், நோட்டில் எண்ணிக்கை ஏறினால் போதும், அந்தப் பறவை அங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டால் தெரியாது. அவள் கேட்டதற்கான பதில் சூழலியலில் ஒரே சொல்லில் இருக்கிறது: நிஷ். தமிழில் செயல் வாழிடம் என்று எழுதுகிறார்கள். கொஞ்சம் பாடப்புத்தக வாசனை அடிக்கிற சொல். எனக்குக் கேட்டால் 'பிழைப்பு' என்றே சொல்லிவிடலாம். ஒரு உயிர் எங்கே இருக்கிறது என்பது அதன் வாழிடம். அங்கே அது எதைத் தின்று, எந்த நேரத்தில், எந்த மூலையில் நின்று, யாரிடமிருந்து தப்பித்து நாளை ஓட்டுகிறது என்பது மொத்தமும் அதன் பிழைப்பு.

அவளுக்கு எங்கள் தெருமுனையை வைத்துத்தான் சொன்னேன். காலையில் அங்கே ஒரு இட்லி வண்டி நிற்கும். பத்து மணிக்கு அது கிளம்பிவிடும், அப்புறம் அதே இடத்தில் ஒரு இளநீர்க்காரர். சாயந்திரம் பஜ்ஜி. எட்டு மணிக்கு மேல் பரோட்டாக் கல். நாலு பேரும் ஒரே பத்தடி இடத்தில்தான் பிழைக்கிறார்கள், சண்டை என்று எதுவும் பார்த்ததில்லை, ஒருவர் வண்டியை இன்னொருவர் தள்ளிவிடக்கூட உதவுவார். ஆனால் போன வருஷம் இரண்டாவதாக ஒரு இட்லி வண்டி வந்தது பாருங்கள், அன்றைக்குத்தான் தெருவே வேடிக்கை பார்த்தது. மூன்றே மாதத்தில் ஒருவர் கிளம்பிவிட்டார்.

இதைச் சோதனைக் குழாயில் செய்து காட்டியவர் ரஷ்ய விஞ்ஞானி காஸ். பாரமீசியம் என்கிற ஒரு செல் உயிரியில் இரண்டு இனங்களை எடுத்துத் தனித்தனியாக வளர்த்தால் இரண்டும் செழித்தன. ஒரே குழாயில், ஒரே உணவில் விட்டபோது ஒன்று பெருகியது, மற்றது அழிந்தே போனது. 1934ல் இதையெல்லாம் புத்தகமாகவே போட்டார். பிழைப்பு அச்சு அசல் ஒன்றாக இருந்தால் இரண்டில் ஒன்று கிளம்பவேண்டியதுதான், அப்படிக் கிளம்பாமல் இரண்டும் இருக்கின்றன என்றால் எங்கேயோ ஒரு வித்தியாசம் ஒளிந்திருக்கிறது என்று தேடவேண்டும். பறவை பார்ப்பதில் பாதி சுவாரசியம் அந்தத் தேடலில்தான் என்பேன்.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

ஐப்பசி கார்த்திகை மழைக்குத் தென் சென்னையின் ஏரிகள் பலவற்றிலிருந்து வழிகிற தண்ணீர் பள்ளிக்கரணையில் வந்து நின்று, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்க் கடலைச் சேர்கிறது. ஜனவரியில் மட்டம் இறங்கத் தொடங்கியிருக்கும். அப்போது தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே ஆழமாக இருக்காது. ஓரத்தில் வெறும் சேறு, கொஞ்சம் உள்ளே விரல் ஆழம், பிறகு கணுக்கால், முழங்கால், நடுவில் நீச்சல். பறவைகளைப் பார்க்காமல் இந்த ஆழத்தை மட்டும் ஒரு நிமிஷம் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், அப்புறம் ஒவ்வொரு ஆழத்திலும் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்.

சேற்றில் இருப்பவை சிறியவை. சிறு கொசு உள்ளான், பொரி உள்ளான், பட்டாணி உப்புக்கொத்தி. முதல் பார்வைக்கு எல்லாமே பழுப்பு நிறத்தில் ஓடித் திரிகிற எலிகள் மாதிரிதான் இருக்கும், ஆரம்பத்தில் இவற்றைப் பிரித்தறிய முயன்று நொந்துபோகாதவர் யாரும் இல்லை. பெயரை விட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். உப்புக்கொத்தி நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். கண் பெரியது, அலகு குட்டை. அது கண்ணால் வேட்டையாடுகிற ஆள், நின்று பார்த்து, சேற்றின் மேல் எது அசைகிறதோ அதை எடுக்கும். பக்கத்திலேயே கொசு உள்ளான் தலையைத் தூக்காமல் தையல் மெஷின் ஊசி மாதிரி குத்திக்கொண்டே போகும். அது கண்ணை மட்டும் நம்புவதில்லை, அலகின் நுனியில் தொடுவுணர்ச்சி உண்டு, சேற்றுக்குள் எது நெளிகிறது என்று அலகுக்குத் தெரியும். ஒரே சேறு, ஒன்று மாடியில் தேடுகிறது, மற்றது கீழ்த்தளத்தில். இன்னும் ஆழமான தளத்துக்கு ஆள் வேண்டும் என்றால் கருவால் மூக்கன் இருக்கிறது, நல்ல நீள அலகு, கிட்டத்தட்ட முகம் வரை தண்ணீருக்குள் விட்டுத் துழாவும். அலகு சேற்றுக்குள் புதைந்திருக்கும்போதே நுனியை மட்டும் இடுக்கி மாதிரித் திறக்க அதனால் முடியும். முழு வாயையும் திறக்கவேண்டும் என்றால் அவ்வளவு சேற்றையும் தள்ளவேண்டியிருக்குமே, அதற்காக இந்த ஏற்பாடு.

இவற்றில் பெரும்பாலானவை குளிர்காலத்துக்கு வந்து போகிறவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கொசு உள்ளான் முட்டையிடுவது ஆர்க்டிக் பக்கம். உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற பறவை, அங்கிருந்து பெருங்குடிக் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் உள்ள சேற்றைத் தேடி வருகிறது.

கணுக்கால் ஆழத்துக்கு மேலே போனால் பவளக்கால் உள்ளான், கருப்பும் வெள்ளையுமாக, ரோஸ் நிறத்தில் நம்பமுடியாத நீளத்துக்குக் கால். உடம்போடு ஒப்பிட்டால் இவ்வளவு நீளக் கால் பூநாரைக்கு அடுத்தபடி இதற்குத்தான் என்பார்கள். வயிறு நனையாமல் தண்ணீருக்குள் நடந்துபோய் மேற்பரப்பில் இருக்கிற பூச்சியை எடுக்கும். சின்ன உள்ளான்களால் அங்கே நிற்கவே முடியாது, கால் எட்டாது. கால் நீளம் என்பதே ஒரு பிழைப்பு.

கொக்குகளிடம்தான் கதை சிக்கலாகும், ஏனென்றால் அவை எல்லாமே கிட்டத்தட்ட ஒரே ஆழத்தில் ஒரே மீனைத் தேடுகிற மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். சின்னக் கொக்குக்குக் கருப்பு அலகு, கருப்புக் கால், ஆனால் பாதம் மட்டும் மஞ்சள், யாரோ மஞ்சள் காலுறை மாட்டிவிட்ட மாதிரி. அந்தப் பாதத்தால் சேற்றைக் கிளறும், பதறி வெளியே வருகிற குட்டி மீனை ஓடிப் பிடிக்கும். கொக்கு என்றால் ஒற்றைக்காலில் தவம் செய்வது என்று நாம் பழமொழியெல்லாம் வைத்திருக்கிறோம், இதைப் பார்த்தால் அந்தத் தவம் கொஞ்சம் கலையும். பெரிய வெள்ளைக்கொக்கு நிதானம், கழுத்தை நீட்டி இன்னும் ஆழத்தில் நின்று பெரிய மீனுக்குக் காத்திருக்கும். உண்ணிக்கொக்கு தண்ணீரைவிட மாட்டைத்தான் அதிகம் நம்புகிறது, மாடு நடக்க நடக்க எழும்புகிற வெட்டுக்கிளிகள்தான் அதன் சாப்பாட்டில் பெரும்பங்கு, பெயரில் இருக்கிற உண்ணியெல்லாம் கொசுறு. மடையான் கரையோரம் மண் நிறத்தில் குந்தியிருக்கும். கிட்டப் போகிற வரை அசையாது, அதனால்தான் குருட்டுக்கொக்கு என்று ஒரு பெயர். பறந்தால் மட்டும் இறக்கை பளீரென்று வெள்ளை, பழுப்புப் பறவை ஒன்று மாயமாகி வேறொன்று கிளம்பின மாதிரி இருக்கும். அவளுக்கு அதுதான் மிகவும் பிடித்தது.

இராக்கொக்கு இந்தக் கூட்டத்தில் இல்லை. அது பகலெல்லாம் மரத்தில் தூங்கிக்கொண்டிருக்கும், மற்றவர்கள் வீடு திரும்புகிற நேரத்தில் குவாக் என்று கத்திக்கொண்டு வேலைக்குக் கிளம்பும். எங்கள் தெருப் பரோட்டாக்காரர்.

நீச்சல் ஆழத்தில் நடக்கிறவர்களுக்கு வேலை இல்லை, முங்குகிறவர்களின் ராஜ்யம். முக்குளிப்பான் சின்னப் பஞ்சுருண்டை மாதிரி மிதந்துகொண்டிருக்கும், பொசுக்கென்று காணாமல் போய் பத்தடி தள்ளி எழும்பும். நீர்க்காகம் மீனைத் துரத்திப் பிடிக்கும். அதன் இறகு மற்ற நீர்ப்பறவைகளுக்கு இருக்கிற அளவுக்குத் தண்ணீரை விலக்காது, நனைந்து கனத்துவிடும், அந்தக் கனம் முங்குவதற்கு வசதி. அதற்கு விலையாகத்தான் வேலை முடிந்ததும் கொம்பில் உட்கார்ந்து இறக்கையைத் துணி காயப்போட்ட மாதிரி விரித்துவைக்கிறது. பாம்புத்தாரா துரத்தாமல் கழுத்தை மடக்கி வைத்திருந்து ஈட்டி மாதிரிக் குத்தும். கூழைக்கடா முங்கவே முங்காது, பை வைத்த அலகால் மேலாக மொண்டுவிடும், பல நேரம் கூட்டமாகச் சேர்ந்து மீனை ஒதுக்கிக்கொண்டு.

இலைகளின் மேல் நடப்பது நீளவால் இலைக்கோழி. கால் விரல்கள் அநியாயத்துக்கு நீளம், எடை பரவுவதால் மிதக்கிற இலை அமிழ்வதில்லை. இதன் குடும்பக்கதை தனி: பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும், அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது அப்பா. பத்து வயசுப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது "சூப்பர்" என்றாள், வீட்டுக்கு வந்ததும் அவள் அப்பாவிடமும் சொன்னாள்.

நத்தைக்குத்தி நாரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும். அதன் அலகை மூடினாலும் நடுவில் ஒரு இடைவெளி தெரியும், பாக்குவெட்டி மாதிரி. குஞ்சுக்கு அந்த இடைவெளி கிடையாது, வளர வளரத்தான் வருகிறது. இந்த அலகை வைத்துக்கொண்டு தண்ணீருக்கடியில் நத்தையைப் பிடித்து, ஓட்டிலிருந்து சதையை உருவி எடுத்துவிடும். மற்ற நாரைகள் நத்தையைக் கண்டுகொள்வதே அபூர்வம். பக்கத்தில் மஞ்சள் மூக்கு நாரை அலகைப் பாதி திறந்து தண்ணீரில் வைத்துக்கொண்டு நடக்கும், ஏதாவது பட்டால் டப்பென்று மூடும், கலங்கல் தண்ணீரில் கண் எதற்கு? இதன் அமெரிக்கச் சொந்தக்காரர் ஒருவரின் அலகு மூடும் வேகத்தை அளந்திருக்கிறார்கள், மீன் தொட்டதிலிருந்து ஒரு நொடியின் நாற்பதில் ஒரு பங்கு. கரண்டிவாயன் அலகை இடமும் வலமும் வீசித் துழாவும். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகையே வடிகட்டியாக்கிக்கொள்ளும். நாலு பேர், நாலு விதமான பாத்திரம், ஒரே குழம்பு.

இங்கே ஒரு சின்ன விஷயம். நம் ஊர்ப் பெயர்களைக் கவனியுங்கள்: மீன்கொத்தி, மரங்கொத்தி, நத்தைக்குத்தி, முக்குளிப்பான், உண்ணிக்கொக்கு, தேன்சிட்டு, தையல்சிட்டு. இந்தப் பெயர்களை வைத்தவர்கள் அந்தப் பறவை என்ன வேலை செய்கிறது என்று முதலில் பார்த்திருக்கிறார்கள். ஆட்காட்டி இன்னும் ஒரு படி மேல், நாம் வருகிறோம் என்று ஊருக்கே சொல்லிவிடுகிற பறவை, அதன் பெயரில் 'ஆள்' என்று இருப்பது நாம்தான். ஆக, பெயரை மனப்பாடம் செய்வது வீண் என்று நான் சொல்ல வரவில்லை, பெயருக்குள்ளேயே பிழைப்பு உட்கார்ந்திருக்கிறது.

எல்லாப் பெயரையும் அப்படியே நம்பிவிடவும் கூடாது. பூங்காவில் கம்பியிலோ கிளையிலோ அடிக்கடி கண்ணில் படுவது வெண்தொண்டை மீன்கொத்தி, பளபளக்கிற நீல முதுகு, அரக்கு நிறத் தலை. பெயருக்குத்தான் மீன்கொத்தி, வெட்டுக்கிளி, ஓணான், தவளை என்று எது கிடைத்தாலும் அதற்குச் சம்மதம், தண்ணீரே இல்லாத தெருவில்கூடப் பிழைத்துக்கொள்ளும். சிறுநீல மீன்கொத்தி தண்ணீரை ஒட்டின தாழ்ந்த கிளையில் உட்கார்ந்து சின்ன மீனுக்குக் குதிக்கும். கருப்பு வெள்ளை மீன்கொத்திக்குக் கிளையே வேண்டாம், நடுத்தண்ணீருக்கு மேல் ஆகாயத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று செங்குத்தாக விழும். உட்காரக் கம்பு இல்லாத திறந்த தண்ணீர் முழுக்க அதற்குத்தான். மூன்று மீன்கொத்திக்கும் ஒரே குளம் பத்துகிறது என்றால் இதனால்தான்.

பிழைப்பு என்கிற இந்த எண்ணம் நூறு வருஷத்துக்கு மேல் பழையது. 1917ல் அமெரிக்க விலங்கியலாளர் ஜோசப் கிரின்னெல் கலிபோர்னியாவில் ஒரே ஒரு பறவையை எடுத்துக்கொண்டு, அது ஏன் புதர்க்காட்டை விட்டு வெளியே வருவதில்லை என்று எழுதினார். 1927ல் ஆங்கிலேயச் சூழலியலாளர் சார்லஸ் எல்டன், ஒரு விலங்கைப் பார்க்கும்போது அதன் தொழில் என்ன என்று கேளுங்கள் என்கிற தொனியில் எழுதினார், என்னுடைய இட்லி வண்டிக்கெல்லாம் தாத்தா அவர்தான். 1958ல் அமெரிக்கச் சூழலியலாளர் ராபர்ட் மக்ஆர்தர், ஒரே ஊசியிலை மரத்தில் பூச்சி தின்கிற ஐந்து வகைக் குருவிகள் எப்படிச் சேர்ந்து இருக்கின்றன என்று மணிக்கணக்காக அண்ணாந்து பார்த்தார். ஒன்று உச்சியில், ஒன்று நடுவில், ஒன்று கிளையின் வெளி நுனியில் என்று மரத்தையே பங்கு போட்டுக்கொண்டிருந்தன.

பங்கு என்றதும் ஏதோ பஞ்சாயத்து பேசிப் பிரித்துக்கொண்ட மாதிரி நினைத்துவிட வேண்டாம். கோடெல்லாம் கறாராக இருக்காது. சாப்பாடு நிறைய இருக்கிற காலத்தில் ஒருவர் இடத்தில் இன்னொருவர் நுழைவது சாதாரணம். கொக்கு பிடித்த மீனைப் பருந்து பிடுங்கப் பார்க்கும். காக்கைக்கு எந்தக் கோடும் பொருட்டில்லை, குப்பை, முட்டை, செத்த மீன், நம் கையில் இருக்கிற பிஸ்கட் என்று எல்லாத் தொழிலும் தெரிந்த ஆள். ஒரே தொழிலில் கெட்டிக்காரராக இருப்பதும் ஒரு வழி, எல்லாத்தையும் சுமாராகச் செய்வதும் ஒரு வழி. ஊர் மாறிக்கொண்டே இருந்தால் இரண்டாவது ஆள்தான் தப்பிக்கிறார் என்பதற்குச் சென்னையில் எத்தனை காக்கை, எத்தனை நத்தைக்குத்தி என்று எண்ணிப் பார்த்தாலே போதும்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டதில் எனக்கு ஒரு நஷ்டமும் உண்டு. இப்போது எந்த ஏரியைச் சீரமைத்தார்கள் என்று படம் பார்த்தாலும் மனசு சும்மா இருப்பதில்லை. தூர் வாருகிறேன் என்று ஓரத்தையெல்லாம் செங்குத்தாக வெட்டி, சுற்றிலும் கல் பதித்து, நடுவில் ஒரு தீவு வைத்துக் கிண்ணம் மாதிரி ஆக்கிவிடுவார்கள். தண்ணீர் அதிகம் நிற்கும், உண்மைதான், அது ஊருக்குத் தேவையும்கூட. ஆனால் சேறு போச்சு, விரல் ஆழம் போச்சு, கணுக்கால் ஆழம் போச்சு. இருபது பேர் பிழைத்த இடத்தில் நீர்க்காகமும் முக்குளிப்பானும் மட்டும் மிஞ்சும், போட்டோவில் நீலமாக அழகாகவும் இருக்கும். ஒரு பக்கமாவது சரிவாக விட்டால் என்ன கெட்டுவிடும் என்று எனக்குப் புரிந்ததே இல்லை. ஆகாயத்தாமரை மூடினாலும் இதே கதைதான், கொஞ்சமாக இருந்தால் அதன் மேல் நடமாட ஆள் உண்டு, முழுக்க மூடிவிட்டால் முங்குகிறவர்கள் எல்லாரும் வேலை இழந்துவிடுவார்கள். பள்ளிக்கரணையே ஒரு காலத்தில் இருந்த அளவில் ஒரு துண்டுதான், 2007ல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள், 2022ல் உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. எஞ்சியிருக்கிற இந்தத் துண்டில் இத்தனை ஆழங்கள் இருப்பதால்தான் இத்தனை பறவைகள்.

நீங்கள் போவதாக இருந்தால் வெயில் ஏறுவதற்குள் போங்கள். எட்டு மடங்கு பைனாகுலர் ஒன்று இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் கொக்கும் நாரையும் வெறுங்கண்ணுக்கே தெரிகிற உருவம்தான். பூங்கா முழுக்கச் சுற்றி வரவேண்டும் என்று கட்டாயமில்லை, ஒரே இடத்தில் பத்து நிமிஷம் நின்று ஒரே பறவையைப் பாருங்கள், எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது, ஓடுகிறதா காத்திருக்கிறதா, அலகு தண்ணீரின் மேலே வேலை செய்கிறதா உள்ளேயா. பெயர் தெரியாவிட்டால் இந்த மூன்றையும் குறித்துக்கொண்டு வீட்டில் வந்து தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும். நிறத்தை வைத்துத் தேடுவதைவிட இது சுலபம், ஏனென்றால் நிறம் பருவத்துக்குப் பருவம் மாறும், பிழைப்பு அவ்வளவு சீக்கிரம் மாறாது. பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், பறவைப் பதிவுக்கான ஈபேர்ட் இணையதளத்தில் நீங்களே பதிவு செய்யலாம், பதினைந்து நிமிஷம் பார்த்தால்கூடக் கணக்கில் சேரும்.

வாசலை நோக்கித் திரும்பி நடந்துகொண்டிருந்தோம். கரையோரம் ஒரு மடையான் வழக்கம்போல மண்ணோடு மண்ணாகக் குந்தியிருந்தது, அதற்கு ஓரடி தள்ளி ஒரு சின்னக் கொக்கு சேற்றைக் கிளறிக்கொண்டிருந்தது, அந்தப் பக்கம் பவளக்கால் உள்ளான்கள் நாலைந்து. மடையான் எதையும் சட்டை செய்யவில்லை. அப்போது எங்கிருந்தோ இன்னொரு மடையான் வந்து அதே கரையில் இறங்கியது. அவ்வளவுதான், கழுத்தைச் சிலிர்த்துக்கொண்டு கரகரவென்று கத்திப் பாய்ந்தது பாருங்கள், வந்தது பளீரென்று வெள்ளை இறக்கையை விரித்துக்கொண்டு ஓட்டமெடுத்தது. சின்னக் கொக்கு தலையைக்கூடத் திருப்பவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொன்னாள், "ரெண்டாவது இட்லி வண்டி மாமா."